முன்கட்டையில் ஒரு விரிசல்

பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் கராஜ் மேசைமேல் அந்தத் தோல் உறையை வைத்து ஜிப்பை இழுத்தபோது, துப்பாக்கி கண்ணில் படுவதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. பல வருஷம் திறக்காத டிரங்குப் பெட்டியின் வாடை, அதோடு காய்ந்த எண்ணெயின் காறல். உள்ளே இருந்தது பிரவுனிங் ஆட்டோ-5, தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ஒரு ஷாட்கன், அதாவது ஒரே தோட்டாவில் பல குண்டுமணிகளை அனுப்பும் வேட்டைத் துப்பாக்கி. ரிசீவரின், அதாவது குழலுக்குப் பின்னால் இயந்திரம் அடங்கிய இரும்புப் பெட்டியின், பின்பக்கம் மற்றத் துப்பாக்கிகளில் மாதிரி சரிந்து இறங்காமல் சட்டென்று செங்குத்தாக விழும், அதனால் அமெரிக்காவில் இதற்குக் 'கூன்முதுகு' என்றே பட்டப்பெயர். நூறு அடி தூரத்திலிருந்து பார்த்தாலும் அடையாளம் தெரியும்.

"அப்பாவோடது. முப்பது வருஷமா அலமாரியிலேயே கிடந்தது. பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது," என்றார்.

குழலின் இடது பக்கம் முழுக்கச் செம்புள்ளியாகத் துரு, வலது பக்கம் ஏறக்குறைய சுத்தம். உறையில் படுத்திருந்த பக்கம் துருப்பிடித்திருக்கிறது. தோல் உறையும் பஞ்சு வைத்த பெட்டியும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். துப்பாக்கியைப் பத்திரமாக வைக்கிறோம் என்று நினைத்துப் பலரும் அதற்குள்ளேயே வருஷக்கணக்கில் மூடி வைக்கிறார்கள், அதுதான் அதற்கு எமன். குழலுக்குக் கீழே இருக்கும் மரமான முன்கட்டையில், கை பிடிக்கும் இடத்தில், கீழ்ப்பக்கமாக, நாலு அங்குல நீளத்துக்கு ஒரு விரிசல். தோளில் வைக்கும் பின்கட்டையும் இரும்பும் சேரும் இடத்தில் மரம் எண்ணெய் குடித்துக் கறுத்துப்போயிருந்தது. திருகுகளின் தலைகள் யாரோ பொருந்தாத திருப்புளியால் நோண்டியதில் சிதைந்திருந்தன.

நான் துப்பாக்கித் தொழில் தெரிந்தவன் இல்லை. பகலில் கணினி வேலை, வார இறுதியில் பழைய இயந்திரங்கள். அவருடைய புல்வெட்டும் மெஷினின் கார்புரேட்டரை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் பிரித்து மாட்டினோம், அந்தப் பழக்கத்தில் கூப்பிட்டார். துப்பாக்கி என்றால் எனக்குத் தாத்தா வீட்டு ஒற்றைக்குழல்தான் நினைவு. காட்டுப்பன்றி விரட்ட உரிமம் வாங்கி வைத்திருந்தார். தேர்தல் அறிவித்தால் போதும், அதைத் துணியில் சுற்றி எடுத்துப்போய்க் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு ரசீதோடு வருவார். நாங்கள் அதைத் தொட்டதே கிடையாது.

மற்றதற்குப் போகும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே இருக்கும் நம் ஆட்கள் பலருக்கு இது தெரியாது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. நான் குடியுரிமை வாங்கிச் சில வருஷம் ஆகிவிட்டது. இருந்தாலும் வீட்டில் இரண்டு பிள்ளைகள். "என்னங்க, செய்யறது செய்யுங்க, ஆனா அது நம்ம வீட்டு வாசப்படி தாண்டக் கூடாது" என்று மனைவி சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. வேலை முழுக்க அவருடைய கராஜில், அவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். இரவில் அது அவர் வீட்டு இரும்புப் பெட்டகத்துக்குள் போய்விடும். தோட்டா ஒன்றுகூட அந்த மேசைப் பக்கம் வரவில்லை.

நாங்கள் இருப்பது யூட்டா மாநிலத்தில் ஆக்டன் நகருக்குக் கொஞ்சம் தெற்கே. இந்தத் துப்பாக்கியை உருவாக்கிய ஜான் மோசஸ் பிரவுனிங் 1855இல் அதே ஆக்டனில் பிறந்தவர். ஊரின் பழைய ரயில் நிலையக் கட்டடத்தில் அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அவர் வடிவமைத்த 1911 கைத்துப்பாக்கியை யூட்டா 2011இல் மாநிலத் துப்பாக்கியாகவே அறிவித்தது. ஆனால் எங்கள் மேசையில் கிடந்தது இங்கே செய்ததில்லை. குழலைத் துடைத்தபோது முட்டை வடிவ வளையத்துக்குள் ஈ எல் ஜி என்ற எழுத்துகளும், மேலே ஒரு குட்டிக் கிரீடமும் தெரிந்தன. பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்துச் சோதனைச்சாலையின் முத்திரை அது. பக்கத்திலேயே சிங்கமும் பி வி எழுத்தும், புகையில்லா வெடிமருந்து வைத்துச் சுட்டுச் சோதித்தோம் என்பதற்கு அடையாளம். வரிசை எண் '3ஜி' என்று தொடங்கியது. 3 என்றால் 1963, ஜி என்றால் எடை குறைந்த 12 போர் (போர் என்பது குழலின் உள்ளளவு), 'லைட் ட்வெல்வ்' என்று விற்றது. குழலில் ஒற்றை நட்சத்திரம், அதாவது முழுச் சோக், நுனியில் குழல் நன்றாகக் குறுகிக் குண்டுமணிகளைச் சிதறவிடாமல் அனுப்பும்.

ஆக்டன்காரர் செய்த துப்பாக்கி எப்படிப் பெல்ஜியத்தில் பிறந்தது என்பது எனக்குப் பிடித்த கதை. பிரவுனிங் அதற்கு முன் தன் வடிவமைப்புகளை வின்செஸ்டர் நிறுவனத்துக்கு மொத்த விலைக்கு விற்றுவிடுவது வழக்கம். இந்த முறை அவர் செய்திருந்தது, தானே தோட்டா மாற்றிக்கொண்டு நன்றாக வேலை செய்த முதல் ஷாட்கன். காப்புரிமை 1900 அக்டோபரில் கிடைத்தது. விற்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டார், வின்செஸ்டர் மறுத்துவிட்டது. இன்னொரு துப்பாக்கி நிறுவனமான ரெமிங்டனுக்குப் போனார். 1902 ஜனவரி 8 அன்று அதன் தலைவர் மார்செலஸ் ஹார்ட்லியைப் பார்க்க அலுவலகத்தில் காத்திருந்தபோது, ஹார்ட்லி மாரடைப்பில் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. அப்புறம்தான் மாதிரித் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கப்பல் ஏறி, லியேஜ் பக்கத்தில் எர்ஸ்டாலில் இருந்த எஃப்என் என்ற ஆயுத நிறுவனத்தின் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தார். 1926இல் அவர் இறந்ததும் அதே தொழிற்சாலையில்தான். 1970களில் உற்பத்தி ஜப்பானுக்கு மாறி, 1990களின் கடைசியில் நின்றது. ஒரே அடிப்படை வடிவம், கிட்டத்தட்ட நூறு வருஷம்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் உள்ளூர்ப் பட்டறை ஒன்றில் காட்டினோம். மொத்தத்தையும் பாலிஷ் சக்கரத்தில் பிடித்துத் தேய்த்து, புதிதாக நீலச்சாயம் (இரும்பைத் துருவிலிருந்து காக்கும் கருநீலப் பூச்சு) ஏற்றி, கட்டையை இழைத்துப் பளபளவென்று வார்னிஷ் அடித்துத் தந்துவிடலாம் என்றார்கள். பெரியவர் என்னைப் பார்த்தார். எனக்கு மனசே வரவில்லை. ரிசீவரில் கையால் வெட்டிய பூவேலை இருக்கிறது, சக்கரத்தில் பிடித்தால் அதன் ஓரங்கள் மழுங்கிப்போகும். முத்திரைகளும் எழுத்துகளும் தேய்ந்துவிடும். வரிசை எண்ணை அழிப்பதோ மாற்றுவதோ கூட்டாட்சிக் குற்றம் என்பது தனி விஷயம். எல்லாவற்றையும்விட, ரிசீவரின் அடிப்பக்கம், துப்பாக்கியை ஒரு கையில் தூக்கினால் எடை சமமாக நிற்கும் அந்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு நீலம் போய் இரும்பு வெள்ளி மாதிரி மின்னியது. பெரியவர் அதில் தன் கையை வைத்துப் பார்த்தார். அவர் கையும் அதே இடத்தில்தான் வந்து உட்கார்ந்தது. "அப்பா சதுப்பு நிலத்தில் நடக்கும்போது இப்படித்தான் பிடித்திருப்பார், நான் பின்னாலேயே போவேன்," என்றார். அந்த இடத்தில் கைவைப்பதில்லை என்று அப்போதே முடிவாகிவிட்டது. நீலம் ஏற்றுவதே இல்லை, துருவை மட்டும் நிறுத்துவது என்றும்.

பிரிக்கும் முன் திருப்புளிகள் வாங்கினேன். வீட்டில் இருக்கும் சாதாரணத் திருப்புளியின் முனை ஆப்பு மாதிரி சரிவாக இருக்கும், திருகின் பள்ளத்துக்குள் மேல்பாகம் மட்டும்தான் பிடிக்கும், அழுத்தித் திருப்பினால் வழுக்கி மேலேறி தலையைக் கிழித்துவிடும். துப்பாக்கி வேலைக்கான முனைகள் இரண்டு பக்கமும் குழிவாகக் கடைந்து, பள்ளத்தின் அடிவரை ஒரே தடிமனாக இறங்கும். ஆட்டோ-5இன் திருகுப் பள்ளங்கள் மிகவும் ஒல்லி. அதோடு பெரிய திருகுகளுக்குப் பக்கத்திலேயே அவை தளராமல் பிடித்துவைக்கும் குட்டிப் பூட்டுத் திருகுகள் இருக்கின்றன, அவற்றை முதலில் எடுக்காமல் பெரியதைத் திருப்பினால் சேதம்தான். இதற்கு முன் நோண்டியவருக்கு அது தெரியவில்லை. ஒவ்வொரு திருகுக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவைத்தேன். ஒவ்வொன்றையும் எடுத்த உடனே அட்டையில் துளை போட்டுக் குத்தி, எந்த இடம் என்று எழுதி வைத்தேன். இந்தத் துப்பாக்கியில் ஒரு திருகின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் தலைப் பள்ளம் சரியான கோட்டில் நிற்காது.

தோட்டாக்கள் அடுக்கி நிற்கும் மகசீன் குழாயின் மூடியைத் திருகி, முன்கட்டையை உருவி, குழலைக் கழற்றினோம். அப்போதுதான் விரிசலுக்கான காரணம் கிடைத்தது.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் துப்பாக்கியின் உயிரே இங்கேதான் இருக்கிறது. இன்றைய பெரும்பாலான தானியங்கி ஷாட்கன்களில் வெடிமருந்தின் வாயுவோ, சுடும்போது வரும் பின்னுதையோ போல்ட்டை, அதாவது குழலின் பின்வாயை அடைக்கும் இரும்புத் துண்டை, மட்டும் நகர்த்தும். ஆட்டோ-5இல் குழலே நகரும். சுட்டவுடன் குழலும் போல்ட்டும் பூட்டிக்கொண்ட நிலையிலேயே ஒன்றாகப் பின்னால் ஓடும், ஒரு தோட்டாவின் நீளத்தைவிட அதிகமாக. கடைசிக்குப் போனதும் போல்ட் அங்கேயே மாட்டிக்கொண்டு நிற்க, குழல் மட்டும் ஸ்பிரிங் தள்ள முன்னால் திரும்பும். காலித் தோட்டா போல்ட்டின் பிடியில் நின்று வெளியே எறியப்படும். குழல் தன் இடத்துக்குப் போன பிறகுதான் போல்ட் விடுபட்டு, அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு முன்னால் வரும். தோளில் இரண்டு தடவை இடித்த மாதிரி இருக்கும் என்று சுட்டவர்கள் சொல்வது இதனால்தான்.

இவ்வளவு எடை இவ்வளவு வேகத்தில் பின்னால் வருகிறதே, அதை எது நிறுத்துகிறது? மகசீன் குழாயின்மேல் ஒரு பெரிய ஸ்பிரிங், அதன் முன்னால் பிளவுபட்ட ஒரு வெண்கலப் பிடிப்பான், அப்புறம் உள்பக்கம் சரிவாகக் கடைந்த ஒரு எஃகு வளையம். வெண்கலப் பிடிப்பான் மகசீன் குழாயை இறுக்கிப் பிடித்து பிரேக் மாதிரி வேலை செய்யும். பலமான தோட்டா போடுவதானால் எஃகு வளையம் ஸ்பிரிங்குக்கும் வெண்கலத்துக்கும் நடுவில் இருக்க வேண்டும். அப்போது வெண்கலம் முன்னாலும் பின்னாலும் நெருக்கப்பட்டு பிரேக் இறுகும். இலேசான தோட்டா என்றால் வளையத்தைக் கழற்றி ஸ்பிரிங்குக்குப் பின்னால், ரிசீவர் ஓரமாக ஒதுக்கிவிட வேண்டும். பிரேக் பாதியாகும். அவ்வளவுதான் விஷயம், கருவி எதுவும் இல்லாமல் கையாலேயே மாற்றிவிடலாம்.

இதில் எஃகு வளையம் பின்னால் இருந்தது. இலேசான தோட்டாவுக்கான வைப்பு. வெகுகாலமாக அங்கேயே இருந்ததற்குச் சாட்சியாக, காய்ந்த எண்ணெய் அதைச் சுற்றி அரக்கு மாதிரி இறுகியிருந்தது.

"உங்கள் அப்பா எதைச் சுடப் போவார்?" என்று கேட்டேன்.

"வாத்துதான். பேர் ரிவர் ஆற்றுப் பக்கம். பெரிய தோட்டா, தோள் கன்னிப்போகும்."

பிரேக்கைப் பாதி தளர்த்திவிட்டு வாத்துத் தோட்டாக்களை வருஷக்கணக்கில் சுட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அந்தக் குழல் முழு வேகத்தில் பின்னால் போய் மோதியிருக்கிறது. அந்த அடி கடைசியில் போய்ச் சேருவது ரிசீவருக்கும் மகசீன் மூடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கும் அந்த மெல்லிய மரத்தில். பழைய ஆட்டோ-5களில் முன்கட்டை வெடித்திருப்பது ரொம்ப சகஜம், காரணமும் அநேகமாக இதுதான். இதைப் பார்க்காமல் விரிசலை ஒட்டி வார்னிஷ் அடித்திருந்தால், பலமான தோட்டாவில் மறுபடி அதே இடத்தில் பிளந்திருக்கும். அந்தப் பட்டறையில் விரிசலுக்கு விலை சொன்னார்களே தவிர, மூடியைத் திருகி உள்ளே பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு அதில் இன்னும் ஆற்றாமைதான்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. சிறு வயதில் இதைக் கழற்றவே அவரை விட்டதில்லையாம்.

மகசீன் குழாய்க்குள் இன்னொரு சாமான் இருந்தது. கத்தியால் சீவிய ஒரு மரக்குச்சி. வலசைப் பறவை வேட்டையில் மூன்று தோட்டாவுக்குமேல் கொள்ளக் கூடாது என்பது இங்கே கூட்டாட்சி விதி, அதற்காக மகசீனில் இடத்தை அடைக்கப் போடும் குச்சி. கடையில் வாங்கியதில்லை, கத்தி வெட்டுகள் தெரிந்தன. அதைத் துடைத்து அப்படியே திரும்பப் போட்டோம்.

குழலின் துருவுக்கு நான் செய்தது இது. சிவப்புத் துருவை உப்புத்தாளால் தேய்த்தால் சுற்றியிருக்கும் நீலமும் சேர்ந்து போய்விடும். கொதிக்கும் நீரில் போட்டால் சிவப்புத் துரு கறுப்பு இரும்பு ஆக்சைடாக மாறும். பழைய முறை நீலச்சாயத்தில் இருப்பதும் அதே கறுப்பு ஆக்சைடுதான், துருப்பிடிக்கவைத்து, கொதிக்கவைத்து, தேய்த்து, மறுபடி மறுபடி செய்து ஏற்றுவார்கள். குழலின் எண்ணெய்ப் பசையை அசிட்டோனால் முழுக்கத் துடைத்து, நீளமான ஸ்டீல் தொட்டியை இரண்டு அடுப்பின்மேல் வைத்து, காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, இருபது நிமிஷம் குழலை அதில் போட்டோம். எடுக்கும்போது செம்புள்ளிகள் எல்லாம் கறுப்பு வெல்வெட் மாதிரி ஆகியிருந்தன. மிக மெல்லிய இரும்பு நாரால், கை எடைகூடக் கொடுக்காமல் வருடினால் மேலே நிற்கும் பொடி மட்டும் உதிர்கிறது. மூன்று தடவை. குழிகள் குழிகளாகத்தான் இருக்கின்றன, ஆனால் கறுத்த குழிகள், இனிப் பரவாது. உடனே எண்ணெய் போட்டுவிட வேண்டும், சூடான இரும்பு காற்றில் நிமிஷத்தில் மறுபடி துருவேறும்.

பின்கட்டைக்குள் ஒரு குழாயும் அதில் போல்ட்டை முன்னால் தள்ளும் ஸ்பிரிங்கும் இருக்கிறது. அறுபது வருஷ எண்ணெய் அதற்குள் தார் மாதிரி ஆகிவிட்டிருந்தது. கட்டையை முறுக்காமல் நேராகப் பின்னால் இழுத்து எடுக்க இரண்டு மாலை ஆயிற்று, முறுக்கினால் மரம் பிளக்கும். அந்த ஸ்பிரிங்கையும் குழல் ஸ்பிரிங்கையும் வெண்கலப் பிடிப்பானையும் புதிதாக மாற்றிவிட்டோம், இந்த வயதுத் துப்பாக்கிக்கு அது அவசியம்.

மரத்துக்குத்தான் அதிக நாள் பிடித்தது. பழைய வார்னிஷை ரசாயனம் பூசி எடுத்தேன், உப்புத்தாள் போடவில்லை. தொழிற்சாலையில் மரமும் இரும்பும் ஒரே மட்டத்தில் வருமாறு சேர்த்திருக்கிறார்கள், தேய்த்தால் மரம் தாழ்ந்து இரும்பு விளிம்பு துருத்திக்கொண்டு நிற்கும், அதைத் திரும்பக் கொண்டுவரவே முடியாது. எண்ணெய் குடித்த இடத்தில் சுண்ணக்கட்டித் தூளை அசிட்டோனில் குழைத்து அப்பினால், காயக் காய உள்ளிருக்கும் எண்ணெயை அது மேலே இழுக்கும். பழுப்பாக உதிரும், மறுபடி அப்ப வேண்டும். ஏழு தடவை அப்பினேன். அமுங்கிய தழும்புகளுக்கு ஈரத் துணியும் இஸ்திரிப் பெட்டியும் போதும், நீராவி பட்டதும் நசுங்கிய நார் எழும்பிவிடுகிறது. விரிசலையும் இதே மாதிரி எண்ணெய் நீக்கி, மெல்லிய எபாக்சியை உள்ளே இறங்கவிட்டு, சைக்கிள் டியூப் கீற்றால் சுற்றிக் கட்டி இரண்டு நாள் விட்டேன். உள்பக்கம், குழலில் உரசாத இடமாகப் பார்த்து, ஒரு கண்ணாடிநார்ப் பட்டை ஒட்டினேன். வெளியே கோடு தெரிகிறது, அதை மறைக்க நான் முயலவில்லை.

அப்புறம் ஆளிவிதை எண்ணெய், விரலால் தேய்த்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள், பத்துப் பூச்சு. வால்நட் மரத்தின் ரேகை ஒவ்வொரு பூச்சுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாகிக்கொண்டே வரும், அதைப் பார்க்கவே அவர் தினமும் சாயங்காலம் வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். ஒரு எச்சரிக்கை: அந்த எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது அது தானே சூடாகித் தீப்பிடிக்கும், உண்மையாகவே கராஜ்கள் எரிந்திருக்கின்றன. கொடியில் விரித்துப் போட்டு, விறைப்பாகக் காய்ந்த பிறகு எறியுங்கள்.

எல்லாம் பூட்டி முடித்து, டம்மித் தோட்டாக்களால் இயக்கிப் பார்த்து, தொழில் தெரிந்த வேறொருவரிடம் குழலையும் பூட்டையும் தோட்டா உட்காரும் அறையையும் அளந்து பார்க்கக் கொடுத்தோம். வீட்டில் என்னதான் கவனமாகச் செய்தாலும் இந்தப் படியைத் தாண்டக் கூடாது. சுடலாம், ஆனால் எஃகுக் குண்டுமணி கூடாது என்றார். அது பெரியவருக்கு முன்பே தெரிந்ததுதான். 1991இல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டு நாடு முழுக்கத் தடைசெய்யப்பட்டது. வேட்டைக்காரர்கள் எஃகுக் குண்டுக்கு மாறினார்கள், இந்தப் பழைய பெல்ஜியக் குழலின் இறுகிய சோக்கை அது வீங்கவைத்துவிடும். அந்த வருஷம்தான் அவர் அப்பா இதை உறையில் போட்டு ஜிப்பை இழுத்திருக்கிறார். ஈயத்தைத் தின்று பறவைகள் செத்துக்கொண்டிருந்தன, அந்தத் தடை நியாயமானது என்றுதான் நானும் நினைக்கிறேன், அவரும் நினைக்கிறார்.

களிமண் தட்டு சுடும் மைதானத்துக்கு ஒரு சனிக்கிழமை காலை போனோம். அங்கே ஈயத் தோட்டா போடலாம். வளையத்தை முதலில் இறுகிய வைப்பிலேயே போட்டிருந்தேன், சந்தேகம் இருந்தால் அப்படித்தான் தொடங்க வேண்டும். இலேசான தோட்டா, புது ஸ்பிரிங் வேறு. அவர் சுட்டார். தட்டு உடைந்தது, காலித் தோட்டா மட்டும் வெளியே வராமல் வாயிலேயே மாட்டிக்கொண்டு நின்றது. இரண்டாவது தடவையும் அப்படியே.

தோட்டாவை எடுத்து, காலிதானா என்று இரண்டு பேரும் பார்த்துவிட்டு, வண்டியின் பின்கதவைத் தாழ்த்தி அதன்மேல் துண்டை விரித்தோம். நான் மகசீன் மூடியில் கை வைத்தேன். "இரு, நான் செய்கிறேன்," என்றார். மூடியைத் திருகி, முன்கட்டையை உருவி, குழலை இழுத்து, வெண்கலத்தைக் கழற்றி, எஃகு வளையத்தை விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்பிரிங்கைக் கழற்றி, வளையத்தை அதற்குப் பின்னால் வைத்து, எல்லாவற்றையும் வரிசையாகத் திரும்ப மாட்டினார். அவருக்கு எழுபத்தி நாலு வயது.

மூன்றாவது தட்டுக்குக் காலித் தோட்டா ஆறேழு அடி தள்ளிப் புல்லில் விழுந்தது. நாலாவதும் அங்கேதான்.